ஒரு வாரத்தில் ஒரு கோடி பேர், மீதி ஆண்டு என்ன? சாகர் தீவின் சுற்றுலாப் பொருளாதாரமும் பாலம் எழுப்பும் கேள்விகளும்

கொல்கத்தா: தமிழ்நாடு பொங்கலுக்குத் தயாராகும் ஜனவரி இரண்டாம் வாரத்தில், கொல்கத்தாவின் பாபுகாட் படித்துறையை ஒட்டிய திடல் ஒரு தற்காலிகக் குடியிருப்பாகவே மாறிவிடுகிறது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் எனப் பல மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் பக்தர்களும் துறவிகளும் அங்கு தங்கி, பின்னர் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். கங்கை கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த சாகர் தீவில் மகர சங்கராந்தி நாளன்று நீராடுவதே அவர்களின் நோக்கம்.

கும்பமேளாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் மிகப்பெரிய புனித நீராடல் விழாக்களில் ஒன்றாகக் கருதப்படும் கங்காசாகர் மேளாவுக்கு, 2024-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாக மேற்கு வங்க அரசு தெரிவித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சாகர் வட்டாரத்தில் வாழ்வோர் 2 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதாவது, உள்ளூர்வாசி ஒருவருக்கு ஏறத்தாழ 50 விருந்தினர்கள், சில நாட்களுக்குள் வந்து செல்கின்றனர்.

இவ்வளவு பெரிய கூட்டம் வரும் தீவு செல்வச் செழிப்புடன் இருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சாகர் தீவின் இளைஞர்களில் கணிசமானோர் கட்டுமான வேலைக்காகக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் செல்கின்றனர். ஒரு கோடி பேர் தேடி வரும் தீவிலிருந்து அதன் சொந்த மக்கள் ஏன் வெளியேறுகின்றனர்? சிறிய தீவு ஒன்றின் பொருளாதாரத்தில் சுற்றுலா எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கேள்வியே போதுமானது. தீவைப் பெருநிலத்துடன் இணைக்கும் பாலத் திட்டம் முன்னேறும் இவ்வேளையில், அக்கேள்வி புதிய பொருளைப் பெறுகிறது.

தீவுக்குச் செல்லும் வழி

கொல்கத்தாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு 24 பர்கனா மாவட்டத்தில், ஹூக்ளி ஆற்றின் கழிமுகத்தில் சாகர் தீவு அமைந்துள்ளது. மேற்கே ஹூக்ளியும், கிழக்கே முரிகங்கா ஆறும், தெற்கே வங்கக் கடலும் அதனைச் சூழ்ந்துள்ளன.

கொல்கத்தாவிலிருந்து சாலை வழியாகவோ ரயில் வழியாகவோ காக்த்வீப் சென்று, 'லாட் எண் 8' எனப்படும் படகுத் துறையை அடைய வேண்டும். அங்கிருந்து முரிகங்காவை இயந்திரப் படகில் கடந்தால் தீவின் வடமுனையான கச்சுபேரியா. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலைப் பயணத்துக்குப் பின்னரே தென்முனையில் உள்ள கபில முனிவர் கோயிலையும் கடற்கரையையும் அடைய முடியும். நாம்கானாவிலிருந்து வேறொரு நீர்வழியும் உண்டு.

இப்பயணத்தின் கடினமான பகுதி முரிகங்காவே. அகன்ற இந்த ஆற்றில் வண்டல் தொடர்ந்து படிவதால், கடல் வற்றும் நேரங்களில் படகுகள் செல்லப் போதிய ஆழம் இருப்பதில்லை. பல மணி நேரம் சேவை நின்றுவிடும். ஜனவரி மாதப் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் இரு கரைகளிலும் ஆயிரக்கணக்கானோர் காத்துக்கிடக்க நேரிடும். ஒவ்வோர் ஆண்டும் மேளாவுக்கு முன்பு ஆற்றைத் தூர்வாருவது அரசின் நிரந்தரச் செலவாகவே ஆகிவிட்டது.

"எல்லாத் தீர்த்தங்களுக்கும் பலமுறை, கங்காசாகருக்கு ஒரே முறை" என்பது வட இந்தியாவில் வழங்கும் பழமொழி. ஒருமுறை நீராடினாலே போதும் என்ற அளவுக்குப் புண்ணியம் தரும் இடம் என்பது அதன் ஒரு பொருள். மறுமுறை செல்லத் துணியாத அளவுக்குக் கடினமான பயணம் என்பது மற்றொரு பொருள். வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய 1866-இல் வெளியிட்ட 'கபாலகுண்டலா' நாவலே, கங்காசாகர் யாத்திரை முடிந்து திரும்பும் படகு மூடுபனியில் வழிதவறுவதில்தான் தொடங்குகிறது.

பொருளாதார நோக்கில் இப்பழமொழிக்கு மூன்றாவது பொருளும் உண்டு. ஒரே முறை வருபவர் திரும்பி வருவதில்லை. திரும்பி வரும் வாடிக்கையாளர் இல்லாத தொழிலில் நிலையான முதலீடு செய்ய எவரும் தயங்குவர்.

தீவின் உண்மையான தொழில்கள்

மேளா நாட்களில் காணப்படும் சாகர் வேறு, ஆண்டின் பிற நாட்களில் வாழும் சாகர் வேறு. தீவின் அன்றாட வாழ்க்கை வேளாண்மையையும் மீன்பிடித் தொழிலையும் சார்ந்தது.

மழைக்கால நெல் சாகுபடி பெரும்பாலான குடும்பங்களின் உணவுக்கு ஆதாரம். கையில் பணம் தருவது வெற்றிலை. தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் வெற்றிலைக்கொடி அகத்தி மரங்களின் நிழலில் படரும். சாகர், காக்த்வீப், நாம்கானா பகுதிகளிலோ மூங்கிலும் நாணலும் கொண்டு நாற்புறமும் மேலும் மூடிய பெரிய கூடாரம் அமைத்து, அதற்குள் வெற்றிலை வளர்க்கின்றனர். இதனை 'பரோஜ்' என்பர். அமைக்கப் பணம் அதிகம் தேவை. ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் வருமானம் தரும். சிறு நிலம் வைத்திருப்போரையும் அது காப்பாற்றுகிறது.

அடுத்தது மீன். காக்த்வீப், நாம்கானா பகுதிகளிலிருந்து ஹில்சா மீன் தேடிச் செல்லும் படகுகளில் தீவின் ஆண்கள் பலர் வேலை செய்கின்றனர். மழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்கியதும் கடற்கரையோரம் கருவாடு உலர்த்தும் தற்காலிக முகாம்கள் அமைகின்றன. 'கூட்டி' எனப்படும் அம்முகாம்களில் பெண்களும் வேலை பெறுகின்றனர்.

இவ்விரு தொழில்களுக்கும் பொதுவான எதிரி புயல். 2009 மே மாதம் ஐலா, 2019 நவம்பரில் புல்புல், 2020 மே 20-இல் ஆம்பன், 2021 மே 26-இல் யாஸ் என, அடுத்தடுத்த புயல்கள் சுந்தரவனப் பகுதியைத் தாக்கின. புல்புல், ஆம்பன் ஆகிய இரண்டும் சாகர் தீவுக்கு அருகிலேயே கரையைக் கடந்தன. யாஸ் ஒடிசாவில் கரையைக் கடந்தபோதிலும், பௌர்ணமி ஓதத்துடன் சேர்ந்து வந்ததால் கடல்நீர் கரைகளைத் தாண்டிச் சாகர், மௌசுனி, கோராமாரா தீவுகளின் வயல்களுக்குள் புகுந்தது. காற்றில் பரோஜ்கள் சரிந்தன. உப்பு ஏறிய வயல்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில்தான் இளைஞர்கள் சென்னைக்கும் கொச்சிக்கும் ரயில் ஏறுகின்றனர்.

வயலும் கடலும் நம்பகத்தன்மை இழந்த நிலையில், மூன்றாவது வருமான வழியாகச் சுற்றுலா முன்வைக்கப்படுகிறது. அது எந்த அளவுக்குத் தாங்கும் என்பதே இப்போது எழும் கேள்வி.

பணம் யாரிடம் தங்குகிறது?

சுற்றுலாப் பொருளாதாரத்தை அளவிடுவோர் வருகையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. வருபவர் செலவிடும் தொகையில் எவ்வளவு உள்ளூரில் தங்குகிறது என்பதையே முதன்மையாகக் கருதுகின்றனர். வெளியே சென்றுவிடும் பகுதியைக் 'கசிவு' என்பர். உள்ளூரில் தங்கி மீண்டும் மீண்டும் கைமாறி வளரும் பகுதியைப் 'பெருக்க விளைவு' என்பர்.

ஓர் எடுத்துக்காட்டாக, பயணி ஒருவர் தீவில் உணவுக்காக 100 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசியும் காய்கறியும் மீனும் தீவிலேயே விளைந்தவை, சமைப்பவரும் பரிமாறுபவரும் தீவினர் என்றால், அத்தொகையின் பெரும்பகுதி மீண்டும் தீவின் கடைகளிலேயே செலவாகும். மாறாக, பொருள்கள் கொல்கத்தாவிலிருந்து படகில் வந்து, கடை நடத்துபவரும் வெளியூர்க்காரர் என்றால், மேளா முடிந்ததும் அப்பணம் அதே படகில் திரும்பிவிடும்.

தீவு சிறியதாக இருக்குமளவுக்குக் கசிவு கூடும். சிறிய தீவில் எல்லாப் பொருள்களையும் உற்பத்தி செய்ய இயலாது என்பதே காரணம். சாகரில் இதனை மேலும் கூர்மையாக்கும் மூன்று சூழல்கள் உள்ளன.

முதலாவது, காலம். ஆண்டு வருகையின் பெரும்பங்கு ஒரு வாரத்துக்குள் நிகழ்கிறது. ஒரு வாரத்துக்காக எவரும் நிரந்தர உணவகமோ விடுதியோ கட்டுவதில்லை. எனவே ஹோக்லா நாணலால் வேய்ந்த தற்காலிகக் குடில்களும், பெரிய பந்தல்களும் எழுகின்றன. அவற்றை ஒப்பந்தத்தில் எடுக்க முதலீட்டு வசதி தேவை. சிறு விவசாயியிடம் அது இருப்பதில்லை.

இரண்டாவது, வருபவர்களின் இயல்பு. கங்காசாகருக்கு வருவோரில் பெரும்பாலோர் எளிய கிராமத்து மக்கள். அரிசியையும் அவலையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வருவோர் பலர். பாரத சேவாசிரம சங்கம் போன்ற தொண்டு அமைப்புகள் தங்குமிடமும் உணவும் அளிக்கின்றன. அறநோக்கில் இது போற்றத்தக்கது. ஆனால் இலவசமாக உண்டு உறங்கிச் செல்லும் பயணியிடமிருந்து உள்ளூர் வணிகம் பெறும் தொகை மிகக் குறைவு.

மூன்றாவது, கோயில். கபில முனிவர் கோயிலின் நிர்வாகம் அயோத்தி அனுமன்கடி மரபைச் சார்ந்த துறவிகளிடம் உள்ளது. காணிக்கை என்பது தீவின் ஊராட்சிகளுக்குரிய வருவாய் அல்ல.

அப்படியானால் தீவுக்கு எதுவுமே கிடைப்பதில்லையா? கிடைக்கிறது. கச்சுபேரியா முதல் கங்காசாகர் வரை பேருந்து, சிற்றுந்து, டோட்டோ எனப்படும் மின் ரிக்‌ஷா ஆகியவற்றை இயக்குவோருக்கு அது அறுவடைக் காலம். தேங்காய், பூ, சங்கு, தேநீர் விற்போர் பலர். இறந்தபின் வைதரணி ஆற்றைக் கடக்க உதவும் என்ற நம்பிக்கையில் பக்தர்கள் பசுவின் வாலைப் பற்றிக்கொண்டு வழிபடுவதுண்டு. அதற்காகக் கன்றுடன் கடற்கரைக்கு வரும் உள்ளூர்க் குடும்பங்களும் சிறு வருமானம் பெறுகின்றன. குடில் அமைத்தல், துப்புரவு, காவல் உதவி என அரசின் மேளாச் செலவுவழி கிடைக்கும் கூலி வேலைகளும் உள்ளன.

இவை உண்மையான வருமானங்களே. ஆயினும் இவை ஆண்டு வருமானத்தின் மேல் வைக்கப்படும் ஒரு கைப்பிடி மட்டுமே. அடித்தளமாக அவை ஆவதில்லை.

மேளா தந்த நிலையான பயன்கள்

மேளாவின் பெரிய நன்மை வேறோரிடத்தில் உள்ளது. விருந்தினருக்காகச் செய்யப்படும் வசதிகள் விருந்து முடிந்த பின்னரும் வீட்டாருக்குப் பயன்படும் அல்லவா? சாலை, படகுத் துறை, மருத்துவமனை வசதி, குடிநீர், தொலைத்தொடர்பு ஆகியவற்றில் சாகர் தீவு சுந்தரவனத்தின் பிற பல தீவுகளைவிட முன்னேறியிருப்பதற்கு மேளா ஒரு முதன்மைக் காரணம்.

மின்சாரம் இதற்கு ஒரு சான்று. மின்கம்பி எட்டாத காலத்தில், 1990-களின் நடுப்பகுதி முதல், மேற்கு வங்க மரபுசாரா எரிசக்தி மேம்பாட்டு முகமை இத்தீவில் சிறு சூரிய மின்நிலையங்களை அமைத்தது. கிராமங்களுக்கு மாலை நேரங்களில் மின்சாரம் வழங்கிய அத்திட்டம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் முரிகங்காவின் குறுக்கே உயர்ந்த கோபுரங்கள் எழுப்பப்பட்டு, பெருநில மின்தொகுப்புடன் தீவு இணைக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் கங்காசாகர்–பக்காளி மேம்பாட்டு ஆணையம் இப்பகுதியின் சுற்றுலா வளர்ச்சியைக் கவனித்து வருகிறது. முன்பு வசூலிக்கப்பட்ட யாத்திரிகர் வரியை மாநில அரசு நீக்கிவிட்டது. மேளாவுக்கு வருவோருக்கு விபத்துக் காப்பீடும் அளிக்கப்படுகிறது. இவற்றின் செலவு முழுவதையும் மாநிலமே ஏற்பதால், கும்பமேளாவைப் போல் கங்காசாகருக்கும் தேசிய விழா தகுதி வழங்கி மத்திய அரசு நிதியுதவி செய்ய வேண்டும் என்று மேற்கு வங்கம் பல ஆண்டுகளாகக் கோரி வருகிறது.

ஒரே தூணில் நிற்கும் வீடு

சுற்றுலாவை நம்பிய தீவுகளுக்கு 2020-ஆம் ஆண்டு மறக்கவியலாத பாடமாக அமைந்தது. நமது அண்டை நாடான மாலத்தீவு அதற்கு முதன்மை எடுத்துக்காட்டு. 1972-இல் முதல் சுற்றுலா விடுதியைத் திறந்த அந்நாடு, அரை நூற்றாண்டுக்குள் மீன்பிடித் தீவுக்கூட்டம் என்ற நிலையிலிருந்து உலகறிந்த சுற்றுலாத் தலமாக உயர்ந்தது. வருமானம் பெருகியது. ஆனால் கொரோனா பரவலால் எல்லைகள் மூடப்பட்ட 2020-இல் அதன் பொருளாதாரம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. எல்லைகள் திறந்ததும் பயணிகள் திரும்பினர், வளர்ச்சியும் மீண்டது. ஆனால் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானித்தது உள்நாட்டு உழைப்பு அன்று, வெளியுலகச் சூழ்நிலை.

இலங்கையின் அனுபவமும் தமிழர்களுக்கு அறிமுகமானதே. 2018-இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் அங்கு வந்தனர். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டின் பெருந்தொற்றும் அந்த வரவை முறித்தன. 2022-இல் நாட்டை உலுக்கிய அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பல காரணங்கள் உண்டு. சுற்றுலா வருவாய் வற்றியது அவற்றுள் ஒன்று.

சாகர் தீவும் அதே காலத்தில் அதே அதிர்ச்சியைச் சிறிய அளவில் சந்தித்தது. 2021 மேளாவின்போது கடலில் நேரடியாக நீராடுவதற்குப் பதிலாக, புனித நீரை வீட்டுக்கே அனுப்பும் 'இ-ஸ்நானம்' ஊக்குவிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் தொற்றின் மூன்றாம் அலை எழுந்தபோது, மேளாவை நடத்தலாமா என்ற வழக்கு கொல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்றது. நிபந்தனைகளுடன் நீதிமன்றம் அனுமதி அளித்தது. ஆனால் மாலத்தீவுக்கும் சாகருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாகர் மக்களுக்கு நெல்லும் வெற்றிலையும் மீனும் இருந்தன. சுற்றுலாவை மட்டும் நம்பாதிருந்ததே அவர்களைத் தாங்கியது. ஆம்பனும் யாஸும் தாக்கிய பின் அந்தத் தாங்கலும் ஆட்டம் கண்டது.

பாலம் வந்தால் என்ன ஆகும்?

முரிகங்காவின் குறுக்கே பாலம் என்பது தீவு மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. சாகரில் ஆழ்கடல் துறைமுகம் அமைக்கும் திட்டத்துடன் இணைத்து ஒரு காலத்தில் இது பேசப்பட்டது. அத்துறைமுகத் திட்டம் செயல்வடிவம் பெறவில்லை. இந்நிலையில், மாநில அரசே தனது நிதியில் சுமார் 1,500 கோடி ரூபாயில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளப் பாலத்தைக் கட்டும் என முதலமைச்சர் மம்தா பானர்ஜி 2025 ஜனவரியில் அறிவித்தார். 2026 ஜனவரியில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பாலத்தின் தேவையைக் குறித்து ஐயம் கொள்ள இடமில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணோ, நெஞ்சுவலியால் அவதியுறும் முதியவரோ ஓதம் ஏறும் வரை கரையில் காத்திருக்க வேண்டிய நிலை மாறும். வெற்றிலையும் மீனும் வாடாமல் சந்தையை அடையும். மாணவர்கள் மேற்படிப்புக்கு எளிதில் சென்று வருவர். இவையெல்லாம் சுற்றுலாவுடன் தொடர்பற்ற, அடிப்படையான நன்மைகள்.

சுற்றுலா வருவாயைப் பொறுத்தவரையில் விடை அவ்வளவு எளிதன்று. வருவோர் எண்ணிக்கை கூடும் என்பது உறுதி. அதே வேளையில், எளிதாக வருபவர் எளிதாகத் திரும்பியும் விடுவார். காலையில் கொல்கத்தாவிலிருந்து காரில் புறப்பட்டு, நீராடி, வழிபட்டு, மாலையில் திரும்பும் பயணி தீவில் இரவு தங்குவதில்லை. சுற்றுலாவில் மிகுந்த வருமானம் தருவது இரவுத் தங்கலே. பகல் பயணி விட்டுச் செல்வது வாகன நெரிசலும் குப்பையும் தேநீர்க் கணக்கும் மட்டுமாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான தலம் ராமேஸ்வரம். வடக்கே கங்காசாகர் போலவே தெற்கே கடலாடும் தீவுத் தலம் அது. 1914-இல் ரயில் பாலமும், 1988 அக்டோபர் 2-இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலமும் அத்தீவை நிலத்துடன் இணைத்தன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டு முழுவதும் பக்தர்கள் வரும் தலமாக ராமேஸ்வரம் நிலைபெற்றதில் இப்பாலங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. விடுதிகளும் உணவகங்களும் பெருகின. அதேவேளை, மதுரையிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவோரும் பெருகினர். கோயில் சார்ந்த வணிகமும் மீனவர் வாழ்வும் ஒரே தீவில் இரு வேறு பொருளாதாரங்களாக அருகருகே நிற்கின்றன. பாலம் பயணியைக் கொண்டுவந்து சேர்க்கும். அவர் பணம் மீனவர் வீட்டை அடையுமா என்பதைப் பாலம் தீர்மானிப்பதில்லை.

சாகருக்கு அருகிலேயும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாம்கானாவில் ஹதானியா–தோவானியா ஆற்றின் மீது 2019-இல் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை வாகனங்கள் மிதவைகளில் ஆற்றைக் கடந்தன. பாலத்துக்குப் பின், பக்காளி கடற்கரை கொல்கத்தாவாசிகளின் வார இறுதிப் பயணத்துக்கு எட்டும் தொலைவில் வந்தது. படகுத் துறையில் வண்டிகள் காத்திருந்ததால் பிழைத்த தேநீர்க் கடைகளும் படகோட்டிகளும் வேறு வழி தேட நேர்ந்தது. கச்சுபேரியாவிலும் லாட் எண் 8-லும் படகுகளைச் சார்ந்து வாழ்வோர் எதிர்கொள்ளவிருக்கும் நிலையும் இதுவே. பாலம் கட்டி முடிக்கப்படும் முன்பே அவர்களுக்கான மாற்றுவழி குறித்துத் திட்டமிடுவது அவசியமாகிறது.

கரையும் மண்

மேலே கூறிய கணக்குகள் அனைத்துக்கும் அடியில் ஒரு பெரிய கணக்கு உள்ளது. அது தீவின் மண்ணைப் பற்றியது.

சாகர் கடலுக்குள் நீண்டிருக்கும் வண்டல் தீவு. இன்றைய கபில முனிவர் கோயில் 1970-களில் கட்டப்பட்டது. அதற்கு முன்பிருந்த கோயில்களைக் கடல் கொண்டுவிட்டது. அண்மை ஆண்டுகளில் கோயிலுக்கு முன்னுள்ள கடற்கரையும் அரிப்புக்கு உள்ளாகி, மேளாவுக்காக அமைக்கப்படும் நீராடு துறைகளையும் பாதைகளையும் அடிக்கடி சீரமைக்க வேண்டியுள்ளது.

அருகில் இருந்த லோஹாசாரா தீவு ஏற்கெனவே நீரில் மறைந்துவிட்டது. கோராமாரா தீவு பெருமளவு நிலத்தை இழந்துவிட்டது. அவ்விரு தீவுகளிலும் வீடு இழந்த குடும்பங்கள் பல சாகரில் குடியமர்த்தப்பட்டன. தஞ்சம் அளித்த தீவே இப்போது தன் கரையை இழந்து வருகிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு, கடலோரத் தலம் ஒன்றின் நிலையாமையை விளக்கத் தேவையில்லை. தனுஷ்கோடி ஓரிரவில் அழிந்தது. சாகரின் கரை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைகிறது.

சாகருக்குத் தென்கிழக்கே உள்ள மௌசுனி தீவு மற்றோர் எச்சரிக்கை. கொல்கத்தா இளைஞர்களைக் கவர்ந்த கூடாரத் தங்குமிடங்கள் அங்கு கடற்கரையிலேயே பெருகின. உள்ளூர் இளைஞர்களுக்கு அவை வேலை தந்தன. 2021-இல் யாஸ் புயலின்போது எழுந்த கடல் அவற்றை வாரிச் சென்றது. பின்னர் அவை மீண்டும் எழுந்தன. ஆனால் அரிக்கும் கரையில் எழும் ஒவ்வொரு முதலீடும் அடுத்த புயல் வரைக்குமான முதலீடு மட்டுமே.

சுற்றுலாவும் கரைப் பாதுகாப்பும் இணையும் இடம் இதுவே. மாலத்தீவு தன் பயணிகளிடம் 'பசுமை வரி' வசூலிக்கிறது. 2025 ஜனவரி முதல் பெரிய விடுதிகளில் தங்குவோருக்கு அது நாளொன்றுக்கு 12 அமெரிக்க டாலர். சாகருக்கு வரும் ஏழைப் பக்தரிடம் அவ்வாறு வரி கேட்பது நியாயமாகாது. யாத்திரிகர் வரி நீக்கப்பட்டதன் பின்னணியும் அதுவே. எனினும், வசதியுள்ள விடுதிகள், தனியார் வாகனங்கள், பாலச் சுங்கம் ஆகியவற்றிலிருந்து பெறும் தொகையில் ஒரு பகுதியைக் கரைப் பாதுகாப்புக்கென ஒதுக்குவது சிந்திக்கத்தக்க வழி.

செய்யத்தக்கவை எவை?

சிறு தீவுகளின் அனுபவங்களிலிருந்து சாகருக்குப் பொருந்தக்கூடிய சில பாடங்கள் தெளிவாகவே கிடைக்கின்றன.

ஒன்று, வருகையை ஆண்டு முழுவதும் பரப்புதல். ஒரு வாரக் கூட்டத்தை மேலும் பெருக்குவதைவிட, அக்டோபர் முதல் மார்ச் வரை சீராகப் பயணிகள் வருவதே தீவினருக்கு நிலையான வேலை தரும். வங்கத்தில் துர்கா பூஜை விடுமுறையும் குளிர்காலமும் பயணக் காலங்கள். முழுநிலா, அமாவாசை நீராடல்களுக்கும் ஏற்கெனவே பக்தர்கள் வருகின்றனர்.

இரண்டு, இரவுத் தங்கலை உள்ளூர்க் குடும்பங்களிடம் சேர்த்தல். பெரிய விடுதி ஒன்றின் இலாபம் வெளியே செல்லும். வீட்டில் இரு அறைகளை விருந்தினருக்கு விடும் குடும்பத்தின் வருமானம் ஊரிலேயே தங்கும். இதற்குக் கடன் வசதியும் பயிற்சியும் தேவை.

மூன்று, உணவுத் தட்டைத் தீவுடன் இணைத்தல். மேளா முகாம்களும் விடுதிகளும் வாங்கும் அரிசி, காய்கறி, தேங்காய் ஆகியவற்றில் ஒரு பங்கேனும் தீவின் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமிருந்து பெறப்பட்டால், சுற்றுலா வேளாண்மையுடன் போட்டியிடாமல் அதனைத் தாங்கும்.

நான்கு, பழைய தொழில்களைக் கைவிடாதிருத்தல். பரோஜ்களுக்குப் பயிர்க் காப்பீடு, உப்பைத் தாங்கும் நெல் வகைகள், உறுதியான கரைகள் ஆகியவை சுற்றுலாத் திட்டங்களாகத் தோன்றமாட்டா. ஆனால் ஒரு நோயோ புயலோ பயணிகளை நிறுத்திவிடும் ஆண்டில் தீவைக் காப்பவை அவையே.

ஒரு கோடி பேர் வந்து செல்லும் ஒரு வாரத்துக்குப் பின், சாகரின் கடற்கரையில் ஹோக்லா குடில்கள் பிரிக்கப்படுகின்றன. பாபுகாட் திடல் வெறிச்சோடுகிறது. மீதியுள்ள 51 வாரங்களும் தீவினருக்கு உரியவை. சுற்றுலா அவர்களுக்குப் பயனளித்ததா என்பதை அந்த 51 வாரங்களில் ஊரில் தங்கி வாழ முடிந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளவிட வேண்டும். கட்டப்படவிருக்கும் பாலத்தின் வெற்றியும் அவ்வாறே கணக்கிடப்படும். அதன் வழியே எத்தனை வாகனங்கள் உள்ளே வந்தன என்பதோடு, எத்தனை இளைஞர்கள் வேலை தேடி வெளியே செல்லாமல் இருந்தனர் என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும்.